மரியா மாண்டிசோரி அம்மையார்

ஆசிரியர் எவ்வளவு கற்பித்தார் என்பதைக் காட்டிலும் மாணவர் எவ்வளவு கற்றார் என்பதே கல்விக்கு உரைகல். இவ்வுண்மையை ஏழைக் குழந்தைகளைக் கொண்டே உலகுக்கு மெய்ப்பித்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார்.

1870 ஆகஸ்டு 31-இல் இத்தாலி நாட்டில் பிறந்த அம்மையார், பெண்கள் மருத்துவம் பயில்வதை விரும்பாத அக்காலத்தில் ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் பயின்று 1896-இல் மருத்துவரானார். மூளை வளர்ச்சி குன்றியோர் எனத் தள்ளப்பட்ட சிறுவரைத் தம் முறையில் பயிற்றினார். அவர்களுள் சிலர் ஏனைய மாணவரோடு பொதுத் தேர்வெழுதித் தேறினர். பிறர் அதனை அதிசயம் என்று புகழ்ந்தனர். அம்மையாரோ, நலமுள்ள பிள்ளைகள் இவர்களினும் உயராதவாறு பள்ளிகளில் எது தடுக்கிறது என்று சிந்தித்தார்.

1907 ஜனவரி 6-இல் ரோம் நகரின் சான் லொரன்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரின்றித் திரிந்த பிள்ளைகள் அங்கே சேர்ந்தனர். ஒருநாள் ஆசிரியை கருவிகள் இருந்த அலமாரியைப் பூட்ட மறந்தார். பிள்ளைகள் தத்தமக்கு வேண்டியவற்றைத் தாமே எடுத்து வேலையில் ஆழ்ந்தனர். ஆசிரியை அதனைக் குற்றமாகக் கருதினார். அம்மையாரோ தெரிந்தெடுக்கும் அறிவாகக் கண்டார். அதுமுதல் கருவிகள் பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் வைக்கப்பட்டன.

எழுத்தறியாத தாய்மார் தம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு வேண்டினர். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவி, ஒலியை உரைத்துப் பழகிய சிறுவர் சில மாதங்களில் தாமே எழுதலாயினர். ஆசிரியரின் பணி ஓயாது பேசுவதன்று, உற்றுநோக்கி வேண்டியபோது உதவுவதே என்று அம்மையார் வகுத்தார்.

1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பின்பேரில் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். உலகப் போர் மூண்டிருந்தமையால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. கோடைக்கானலிலும் சில ஆண்டுகள் வாழ்ந்து பணிபுரிந்தார். 1952 மே 6-இல் நெதர்லாந்து நாட்டில் மறைந்தார்.

இன்று அவர் பெயர் தாங்கிய பள்ளிகள் பல, நம் மக்களுக்கு எட்டாத கட்டணம் பெறுகின்றன. ஆயினும் அம்முறை வளர்ந்த இடம் உழைப்பாளர் குடியிருப்பே என்பதை மறத்தலாகாது. நம் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று எவரேனும் கூறின், தானே முயன்று கற்க அவனுக்கு எவ்வளவு வாய்ப்பு அளிக்கப்பட்டது என்று வினவுங்கள். மாலை வகுப்பு நடத்தும் இளைஞர்களே! நீங்கள் பேசும் நேரத்தைக் குறைத்து, பிள்ளைகள் தாமே படித்து, எழுதி, பிழை கண்டு திருத்தும் நேரத்தைப் பெருக்குங்கள். அதுவே அம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன்.