கிருஷ்ண குமாரசிங் பவசிங்

கிருஷ்ண குமாரசிங் பவசிங் (மே 19, 1912 - ஏப்ரல் 2, 1965) கத்தியவார் பகுதியிலிருந்த பவநகர் அரசின் கடைசி மன்னரும், விடுதலைக்குப் பின் சென்னை மாகாணத்தின் ஆளுநராகப் பொறுப்பேற்ற முதல் இந்தியரும் ஆவார். தமிழ்நாட்டில் இவர் ஆளுநர் என்ற அளவிலேயே அறியப்படுகிறார். கால்நடை வளர்ப்போரிடையே, குறிப்பாகப் பிரேசில் நாட்டில், கிர் இன மாடுகளின் வரலாற்றோடு இணைத்து இவர் பெயர் நினைக்கப்படுகிறது.

இளமை

கோகில் இராசபுத்திர மரபைச் சேர்ந்த இவர், இரண்டாம் பவசிங்கின் மூத்த மகனாகப் பிறந்தார். 1919இல் தந்தை இறந்தபோது இவருக்கு வயது ஏழு. ஆகவே ஆட்சிக் குழு ஒன்று அரசை நடத்தியது. அதன் தலைவராக இருந்தவர் புகழ்பெற்ற திவான் பிரபாசங்கர் பட்டணி. இராசகோட்டை இராசகுமார் கல்லூரியிலும் இங்கிலாந்தின் ஆரோ பள்ளியிலும் பயின்ற பின், 1931இல் முழு ஆட்சியுரிமை பெற்றார். அதே ஆண்டு கொண்டல் அரச குடும்பத்து விசயாபாவை மணந்தார்.

பவநகரின் மேய்ச்சல் நிலமும் மந்தையும்

பவநகர் மழை குறைந்த நாடு. அங்கு உழவைவிட மேய்ச்சலே பலருக்கு வாழ்வாதாரம். அரசுக்குச் சொந்தமான புல்வெளிகள் 'வீடி' எனப்பட்டன. இவற்றுள் பெரியதான வேலவதர் புல்வெளி கால்நடைகளுக்குப் புல் அளித்ததுடன் வெளிமான்களின் உறைவிடமாகவும் இருந்தது. அரச குடும்பத்தினர் பழக்கிய சிவிங்கிகளைக் கொண்டு அங்கு வேட்டையாடியதும் உண்டு. 1976இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

அரண்மனை வளர்த்த கிர் இனம் சௌராட்டிரத்தின் கிர் காட்டுப் பகுதியில் தோன்றியது. புடைத்த நெற்றி, சுருண்ட இலைபோல் தொங்கும் நீண்ட காது, பின்னோக்கி வளைந்த கொம்பு, செந்நிறத்தில் வெண்புள்ளி ஆகியன இதன் அடையாளங்கள். காங்கேயம் மாடு உழவுக்கும் வண்டிக்கும் பெயர் பெற்றது. கிர் பாலுக்குப் பெயர் பெற்றது.

தூய மந்தை ஒன்றைப் பேணுவது எளிதன்று. ஒவ்வொரு கன்றின் தாய், தந்தை, பிறந்த நாள் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். பொலிகாளையைத் தோற்றத்தை மட்டும் கண்டு தேர்ந்தெடுக்க இயலாது. அதன் தாயும் பாட்டியும் கறந்த பாலின் அளவை அறிந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே காளையை அதன் மகள்களோடு சேரவிட்டால் மரபுக் குறைகள் வெளிப்படும். எனவே காளைகளைக் காலந்தோறும் மாற்ற வேண்டும், தேறாதவற்றைக் கழிக்கவும் வேண்டும். இதனால் பதிவு பெற்ற மந்தைக்குக் காளைகளிலிருந்தும் வருவாய் வருகிறது. ஊர் மந்தை வைத்திருப்பவர் பதிவேடு ஏதும் எழுதுவதில்லை. நல்ல காளை ஒன்று கிடைத்தால் இரண்டு தலைமுறையில் அவருடைய பசுக்களும் மேம்படும். ரபாரி, பர்வாட், சாரண் முதலிய ஆயர் குடியினர் எழுதாமலேயே வழிவழி நினைவில் வைத்துக் காத்த மரபே அரண்மனை மந்தைகளுக்கும் அடிப்படையாக அமைந்தது என்பதை மறக்கலாகாது.

அரசைக் கையளித்தல்

1947 திசம்பரில் இவர் தில்லியில் காந்தியைச் சந்தித்துத் தம் அரசை மக்களிடம் ஒப்படைக்க முன்வந்தார். 1948 சனவரி 15இல் வல்லபாய் பட்டேல் முன்னிலையில் பவநகரில் மக்களாட்சி தொடங்கியது. பல்வந்தராய் மேத்தா முதலமைச்சரானார். பிற மன்னர்கள் பலர் தயங்கி நின்ற காலம் அது. அடுத்த மாதம் பவநகர் சௌராட்டிர ஒன்றியத்தில் இணைந்தது.

சென்னை ஆளுநர்

ஆர்ச்சிபால்டு நையைத் தொடர்ந்து 1948 செப்டம்பர் 7இல் சென்னை மாகாண ஆளுநராகப் பொறுப்பேற்று, 1952 மார்ச்சு வரை பணியாற்றினார். மாதம் ஒரு ரூபாயே ஊதியமாகப் பெற்றார். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார், குமாரசாமி ராஜா ஆகியோர் இவர் காலத்து முதலமைச்சர்கள். சமீன் ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து சமீன்களை அரசு கையகப்படுத்தத் தொடங்கியதும் இக்காலத்திலேயே. முடியைத் தாமே இறக்கி வைத்த ஒருவர் ஆளுநராக இருக்கையில் இது நிகழ்ந்தது வரலாற்றின் விந்தை.

காங்கேயம் மாடுகளின் தாயகமான கொங்கு நாடும், ஓசூர் கால்நடைப் பண்ணையும், ஓங்கோல் மாடுகளின் தாயகமும் அன்றைய சென்னை மாகாணத்திலேயே இருந்தன. கிண்டி ஆளுநர் மாளிகையின் காட்டில் வெண்ணிற வெளிமான்களைக் கொண்டுவந்து விட்டவர் இவரே. அக்காட்டின் ஒரு பகுதி 1978இல் கிண்டி தேசியப் பூங்காவாயிற்று.

பிரேசிலுக்குச் சென்ற காளை

பிரேசில் நாட்டினர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இந்தியத் திமில் மாடுகளை வாங்கி வந்தனர். அங்குப் பெருகிய நெலோர் இனம் ஓங்கோல் வழி வந்தது. நெல்லூரின் பெயரே அதற்கு வழங்குகிறது. இவ்வணிகத்தில் இடரும் இருந்தது. 1920இல் பிரேசிலுக்குச் சென்ற இந்திய மாடுகள் வழியில் பெல்சியத்தில் வெக்கை நோயைப் பரப்பின. 1924இல் உலக விலங்கு நல அமைப்பு உருவாக அதுவே காரணமாயிற்று. 1921இல் பிரேசிலிலும் நோய் தோன்ற, இறக்குமதிக்குத் தடை வந்தது. 1938 முதல் அந்நாட்டில் திமில் மாடுகளுக்கு மரபுப் பதிவேடு பேணப்பட்டது. ஆனால் புதுக்குருதி வராமல் மந்தைகள் குறுகின.

1950களின் இறுதியில் பரானா மாநிலத்துப் பண்ணையாளர் செல்சோ கார்சியா சிட் இந்தியா வந்து, பவநகர் மந்தையிலிருந்து 'கிருஷ்ணா' என்னும் காளையைப் பெற்றார். 1960இல் இம்மாடுகள் பிரேசில் சென்றடைந்தன. கிருஷ்ணாவின் வழித்தோன்றல்கள் அந்நாட்டின் கறவைக் கிர் மந்தைகளில் பரவின. 1985இல் அங்குக் கிர் காளைகளை மகள்களின் பால் அளவைக் கொண்டு மதிப்பிடும் திட்டம் தொடங்கியது. கிர், ஓல்சுட்டீன் கலப்பில் உருவான கிரோலாண்டோ இனம் 1996இல் ஏற்பு பெற்றது. பிரேசிலின் பால் உற்பத்தியில் பெரும்பங்கு இவ்வினத்தினுடையது.

இந்தியாவிலோ 1960களுக்குப் பின் வெளிநாட்டு இனங்களுடனான கலப்பே முதன்மை பெற்றது. தூய கிர் மாடுகள் அருகிய நிலையில், பிரேசிலிலிருந்து கிர் உறைவிந்தைத் தருவிக்கும் முயற்சிகள் பின்னாளில் எழுந்தன. குசராத்து வளர்ப்போர் சிலர் இதனை எதிர்த்தனர்.

மறைவு

கிருஷ்ண குமாரசிங் 1965 ஏப்ரல் 2இல் பவநகரில் தமது 52ஆம் அகவையில் காலமானார். இவருக்குப் பின் மகன் வீரபத்திரசிங் குடும்பத் தலைவரானார். பவநகர் பல்கலைக்கழகத்திற்கு இவருடைய பெயர் சூட்டப்பட்டுள்ளது. இவர் வாழ்ந்த நீலம்பாக் அரண்மனை பின்னர் தங்கும் விடுதியாக மாற்றப்பட்டது.