கடுக்கனை விட்டார், கன்றுக்குட்டியை விடவில்லை!

ஸ்ட்ராப் அறுந்துபோன வாட்ச், எழுதாத பேனா, தாத்தா வாங்கிக் கொடுத்த டிரான்சிஸ்டர், பிரேக்-அப்புக்குப் பிறகும் அலமாரி மேல்தட்டில் உட்கார்ந்திருக்கும் டெடி பியர்... எல்லார் வீட்டிலும் இப்படி ஒரு மூலை இருக்கும். உபயோகம் இல்லைன்னு தெரியும். ஆனாலும் தூக்கிப்போட கை வராது. பொருளை விட்டால், கொடுத்தவரையே விட்டதாகிடுமோ என்ற பயம்தான் காரணம்.

இந்த விஷயத்தில் திருவண்ணாமலை ரமண மகரிஷியின் வாழ்க்கை ஒரு சுவாரஸ்யமான கதை சொல்கிறது.

கிழிந்த முகவரிச் சீட்டு

1879 டிசம்பர் 30-ல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், 1892-ல் அப்பா சுந்தரம் ஐயரை இழந்தார். மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தவர், 1896 ஆகஸ்ட் 29 அன்று யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டார். அண்ணனின் காலேஜ் ஃபீஸுக்காகத் தரப்பட்ட 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயோடு ஒரு சீட்டையும் எழுதி வைத்தார். தன்னைத் தேட வேண்டாம், அண்ணனின் ஃபீஸ் இன்னும் கட்டப்படவில்லை என்பதெல்லாம் அதில் இருந்தது. கையெழுத்து போட வேண்டிய இடத்தில் வெறும் கோடு!

ரயில் டிக்கெட்டுக்கே 2 ரூபாய் 13 அணா போய்விட்டது. கொஞ்ச தூரம் ரயில், கொஞ்ச தூரம் நடை என்று திருக்கோவிலூர் பக்கத்திலுள்ள கீழூர் வரை வந்தபோது கையில் காசில்லை. காதில் மட்டும் சிவப்புக் கல் பதித்த தங்கக் கடுக்கன் இருந்தது. அதை முத்துகிருஷ்ண பாகவதர் என்பவரிடம் 4 ரூபாய்க்கு அடகு வைத்தார். சுமார் 20 ரூபாய் பெறுமானமுள்ள நகை அது. மீட்டுக்கொள்ள வசதியாக பாகவதர் முகவரி எழுதிக் கொடுத்தார். தெருவுக்கு வந்ததும் பையன் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டார். மீட்கும் எண்ணமே அவருக்கு இல்லை.

செப்டம்பர் 1 காலையில் திருவண்ணாமலை. கோயிலுக்குப் போய்விட்டு அய்யங்குளத்துக்கு வந்தவர், பாகவதர் வீட்டில் அன்போடு கட்டிக்கொடுத்த பட்சணப் பொட்டலத்தைத் தண்ணீரில் வீசினார். மிச்சமிருந்த காசும் பூணூலும் போயின. வேட்டியைக் கிழித்துக் கோவணமாகக் கட்டிக்கொண்டார்.

அப்போ பாசமே இல்லையா?

இத்தோடு நிறுத்தினால், கல் மனசுக்காரர்னு தோணும். அவருடைய மீதி வாழ்க்கையைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது.

கணவன், மகன், மகள் என்று எல்லோரையும் அடுத்தடுத்து இழந்த எச்சம்மாள் என்ற பெண்மணி, மனம் உடைந்துபோய் விரூபாட்ச குகைக்கு வந்தார். ஆறுதல் கிடைத்ததும் திருவண்ணாமலையிலேயே தங்கி, பல ஆண்டுகள் ரமணருக்குச் சாப்பாடு சமைத்துக் கொண்டுவந்தார். எச்சம்மாள் வளர்த்த பெண்ணும் பின்னாளில் இறந்துபோனாள். அவள் விட்டுச்சென்ற குழந்தையை ரமணரின் கைகளில் கொடுத்தபோது, அவர் கண்கள் கலங்கிவிட்டன.

அம்மா அழகம்மாள் 1898-ல் தேடி வந்து அழுது கூப்பிட்டும் அவர் திரும்பவில்லை. ஆனால் அம்மா காய்ச்சலில் விழுந்தபோது, குணமாக வேண்டிப் பாடல்கள் எழுதினார். 1916-ல் அம்மா மகனோடேயே இருக்க வந்துவிட்டார். 1922 மே 19 அன்று, அம்மாவின் கடைசி மூச்சு வரை ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இன்று செங்கம் சாலையில் இருக்கும் ரமணாசிரமம், அந்த அம்மாவின் சமாதியைச் சுற்றி வளர்ந்ததுதான்.

ஒரு கிஃப்ட், 22 வருஷம்

1926-ல் குமாரமங்கலம் அருணாசலம் பிள்ளை என்ற பக்தர், ஒரு பசுவையும் அதன் கன்றையும் கொடுத்தார். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, மலையில் சிறுத்தை நடமாட்டம் வேறு என்று முதலில் ஆசிரமத்தில் தயங்கினார்கள். அந்தக் கன்றுதான் லட்சுமி. வளர்ந்த பிறகு நேராக ஹாலுக்குள் வந்து ரமணர் முன்னால் நிற்கும். 1948 ஜூன் 18 அன்று லட்சுமி கண் மூடியபோது, தரையில் பக்கத்தில் உட்கார்ந்து அதன் தலையைத் தாங்கிக்கொண்டார் ரமணர். சமாதிக்கு அவரே தமிழில் ஒரு வெண்பா எழுதிக் கொடுத்தார். 1950 ஏப்ரல் 14 அன்று அவரும் மறைந்தார்.

ஆக, அவர் விட்டது கடுக்கனையும் பொட்டலத்தையும். சமைத்துப் போட்ட கையை, அம்மாவின் கடைசி நாளை, வாசலில் வந்து நின்ற ஒரு மாட்டைக்கூட அவர் விடவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கு. அவர் தன் கையிலிருந்த சீட்டைக் கிழித்தார். மதுரையில் எழுதி வைத்த சீட்டு மட்டும் கிழியாமல் தப்பியது. 17 வயதைக்கூட எட்டாத பையன் என்ன எழுதினான் என்று இன்று நாம் படிக்க முடிவது அதனால்தான். அந்த டிராயரை உடனே காலி செய்யணும்னு அவசியமில்லை. கொடுத்தவர் இன்னும் இருக்கிறார் என்றால், இன்னிக்கு ஒரு போன் போடுங்க. வாட்ச் அப்புறம் பார்த்துக்கலாம்!