ஆசிரியர்களை விளைவித்த படைத்தலைவர்
சாமுவேல் சாப்மன் ஆம்ஸ்ட்ராங் (1839 – 1893)

போர்க்களத்தில் புகழ் பெற்றவர்களை வரலாறு எளிதில் மறப்பதில்லை. ஆனால் போர் ஓய்ந்த பின் அவர்கள் எஞ்சிய வாழ்நாளை எவ்வாறு கழித்தனர் என்பதை அறிய விரும்புவோர் சிலரே. இருபத்தாறாம் அகவையில் படைத்தலைவராக உயர்ந்து, சீருடையைக் களைந்து, இருபத்தொன்பதாம் அகவையில் ஒரு பள்ளியின் முதல் முதல்வராகப் பொறுப்பேற்று, உயிர் பிரியும் வரை இருபத்தைந்து ஆண்டுகள் அப்பள்ளியையே தம் வாழ்வாகக் கொண்டவர் சாமுவேல் சாப்மன் ஆம்ஸ்ட்ராங். அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட மக்களுக்கு எழுத்தறிவும் தொழிலறிவும் ஒருங்கே வழங்கிய ஹாம்ப்டன் கல்விக்கூடம் அவருடைய கைவண்ணமே.

தீவில் கழிந்த இளமை

பசிபிக் பெருங்கடலின் ஹவாய்த் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த மாவி தீவில் 1839 ஜனவரி 30ஆம் நாள் ஆம்ஸ்ட்ராங் பிறந்தார். அந்நாளில் ஹவாய் ஒரு தனி அரசு. கிறித்தவ சமயத் தொண்டராக அங்குச் சென்ற அவருடைய தந்தையார் ரிச்சர்ட் ஆம்ஸ்ட்ராங், பிற்காலத்தில் அவ்வரசின் கல்வி அமைச்சர் பொறுப்பையும் ஏற்றார். ஊர் ஊராகச் சென்று பள்ளிகளைப் பார்வையிடுவது அவர் பணி. ஹிலோ என்னும் ஊரில் ஓர் உறைவிடப் பள்ளி இருந்தது. அதன் மாணவர்கள் பாடம் படிப்பதோடு நிலத்தில் உழைத்துத் தம் உணவுக்கும் வழி தேடிக்கொண்டனர். இளம் சாமுவேலின் நெஞ்சில் பதிந்த அந்தப் பள்ளியே பின்னாளில் அவர் அமைத்த பள்ளிக்கு மாதிரியாயிற்று.

1860இல் குதிரையிலிருந்து விழுந்த தந்தையார் அதன் விளைவாகக் காலமானார். அதே ஆண்டில் மகன் கடல் கடந்து, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வில்லியம்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அதன் தலைவர் மார்க் ஹாப்கின்ஸ் அக்காலத்தின் தலைசிறந்த ஆசிரியர்களுள் ஒருவர். விடையை எடுத்துரைப்பதைவிட வினா எழுப்பி மாணவனையே சிந்திக்கச் செய்வது அவருடைய முறை. அவருடைய இல்லத்திலேயே தங்கிப் பயிலும் பேறு ஆம்ஸ்ட்ராங்குக்கு வாய்த்தது. தம் வாழ்வில் தமக்கு வழிகாட்டியவர் அவரே என்று இறுதிவரை நன்றியுடன் போற்றினார்.

போர்க்களம் தந்த பாடம்

1862இல் பட்டம் பெற்றபோது அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு ஓராண்டு கடந்திருந்தது. ஆம்ஸ்ட்ராங் தாமே ஆள் திரட்டி ஒரு படைப்பிரிவை அமைத்து, நியூயார்க் 125ஆம் காலாட்படையில் கேப்டனாகச் சேர்ந்தார். முதல் அனுபவமே கசப்பாக அமைந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் வடபுலப் படையினர் பன்னீராயிரத்துக்கும் மேற்பட்டோர் சரணடைந்தனர். அவர்களுள் அவரும் ஒருவர். கைதிகள் பரிமாற்றத்துக்குப் பின் களத்துக்குத் திரும்பிய அவர், 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் பெரும்போரின் மூன்றாம் நாளில் எதிரியின் கடுந்தாக்குதலை முன்னணியில் நின்று எதிர்கொண்டார். மேஜர் பதவி அவரைத் தேடி வந்தது.

போரில் சேர்ந்தபோது அடிமை ஒழிப்பு அவருடைய உள்ளத்தில் ஆழ வேரூன்றிய கொள்கையாக இருக்கவில்லை. கறுப்பின வீரர்களைக் கொண்ட படைப்பிரிவுக்குத் தலைமை ஏற்க அவர் முன்வந்த பிறகே அந்த மாற்றம் நிகழ்ந்தது. அப்படைகளை நடத்தும் வெள்ளை அதிகாரிகள் பிடிபட்டால் மரணத்துக்குரிய குற்றவாளிகளாக நடத்தப்படுவர் எனத் தென்புல அரசு அறிவித்திருந்தது. அதை அறிந்தே அவர் அப்பொறுப்பை ஏற்றார். பயிற்சி முகாமில், ஓய்வு நேரத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் துடித்த வீரர்களைக் கண்டார். அவர்களுக்காக முகாமிலேயே ஒரு பள்ளியைத் தொடங்கினார். நேற்றுவரை ஏட்டைத் தொடவும் அனுமதிக்கப்படாதவர்கள் அவர்கள். அவர்களுடைய கல்வி வேட்கையும் களத்தில் காட்டிய துணிவும் அவருடைய வாழ்க்கைத் திசையையே மாற்றின. 1865இன் இறுதியில் மதிப்புறு பிரிகேடியர் ஜெனரல் என்னும் சிறப்புடன் படையிலிருந்து விடைபெற்றார்.

ஹாம்ப்டன் அழைத்தது

விடுதலை பெற்ற ஏறத்தாழ 40 இலட்சம் மக்களின் நலம் பேண அமெரிக்க அரசு ஒரு தனித்துறையை நிறுவியிருந்தது. அதன் அலுவலராக 1866இல் ஆம்ஸ்ட்ராங் வர்ஜீனியா மாநிலத்தின் ஹாம்ப்டன் நகருக்கு அனுப்பப்பட்டார். அவ்வூர் வரலாற்றுச் சிறப்புடையது. 1619இல் ஆப்பிரிக்கர்கள் முதன்முதலாக ஆங்கிலேயரின் வர்ஜீனியாக் குடியேற்றத்துக்குக் கொண்டுவரப்பட்டு இறக்கப்பட்டது அக்கடற்கரையில்தான். 1861இல் தப்பி வந்த அடிமைகள் மூவரை உடைமையாளரிடம் திருப்பித் தர மறுத்த மன்றோ கோட்டையும் அங்கேயே உள்ளது. அதைக் கேள்வியுற்று ஆயிரக்கணக்கானோர் அங்கு அடைக்கலம் புகுந்தனர். மேரி பீக் என்னும் கறுப்பினப் பெண்மணி அங்கே ஓர் ஓக் மரத்தடியில் அவர்களுடைய பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். அந்த மாநிலத்தில் கறுப்பின மக்களைக் கூட்டிப் படிப்பு சொல்லித் தருவதை 1831ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருந்தது என்பதை எண்ணினால் அப்பெண்மணியின் துணிவு விளங்கும்.

உணவு வழங்குதல், நிலத் தகராறுகளைத் தீர்த்தல் ஆகிய அன்றாடப் பணிகளுக்கிடையே ஆம்ஸ்ட்ராங் ஒன்றைத் தெளிவாக உணர்ந்தார். உணவுப் பங்கீடு ஒரு நாள் நின்றுவிடும். அரசின் துறையும் ஒரு நாள் மூடப்படும். வடபுலத்திலிருந்து எத்தனை ஆசிரியர்களை வரவழைத்தாலும் தென்புலத்தின் எல்லா ஊர்களுக்கும் போதாது. அம்மக்களிலிருந்தே ஆசிரியர்கள் தோன்ற வேண்டும். அவர்கள் படிப்போடு உழவையும் தொழிலையும் அறிந்து, தாம் செல்லும் ஊருக்கு எல்லாவகையிலும் வழிகாட்டிகளாக விளங்க வேண்டும். இந்தத் திட்டத்தை அவர் அமெரிக்க மிஷனரி சங்கத்தின் முன் வைத்தார். சங்கம் நிலம் வாங்கியது. முதல்வர் பொறுப்புக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் மறுத்துவிடவே, ஆம்ஸ்ட்ராங்கையே கேட்டனர். அவர் தயங்காமல் இசைந்தார்.

இரண்டு ஆசிரியர், பதினைந்து மாணவர்

1868 ஏப்ரல் மாதம், இரண்டு ஆசிரியர்களும் பதினைந்து மாணவர்களுமாகப் பள்ளி தொடங்கிற்று. மாணவர்கள் வாரத்தின் ஒரு பகுதியில் பாடம் பயின்றனர். மறு பகுதியில் பண்ணையிலும் பட்டறையிலும் அச்சகத்திலும் சமையற்கூடத்திலும் உழைத்தனர். உழைப்புக்குரிய ஊதியம் அவர்களுடைய உணவு, உறைவிடச் செலவுக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. அதிகாலை மணி, அணிவகுப்பு, உடைத் தூய்மை, அறைத் தூய்மை ஆகியவற்றில் படைமுகாமின் ஒழுங்கு தெரிந்தது.

இடம் போதாமல் மாணவர்களைத் திருப்பி அனுப்ப நேர்ந்தபோது முதல்வர் கூடாரங்களை அமைக்கச் செய்தார். குளிர்காலத்தில் கூடாரத்தில் தங்க யார் இசைவர் என்று கேட்டபோது மாணவர்கள் போட்டியிட்டு முன்வந்தனர். கடுங்குளிர் இரவுகள் கழிந்த காலைகளில் அவர் கூடாரம் கூடாரமாகச் சென்று நலம் விசாரிப்பார். அவர் முகம் கண்டதும் மாணவர்கள் குளிரை மறந்தனர் என்பர்.

பொருள் திரட்டுவது பெரும் சுமையாக இருந்தது. ஆண்டுதோறும் பாஸ்டன், நியூயார்க் முதலிய நகரங்களுக்குச் சென்று அரங்குகளிலும் இல்லங்களிலும் உதவி வேண்டிப் பேசினார். போர்க்களத்தில் அஞ்சாதவர், பள்ளிக்காகக் கையேந்தவும் கூசவில்லை. 1873இல் மாணவர் பாடகர் குழு ஒன்று புறப்பட்டு, தம் முன்னோர் அடிமை வாழ்வில் பாடிய பக்திப் பாடல்களை நகரந்தோறும் பாடி நிதி திரட்டிற்று. அந்நிதியின் துணையோடு எழுந்ததே வர்ஜீனியா மண்டபம் என்னும் பெருங்கட்டடம்.

ஒரு மாணவர், மற்றொரு பள்ளி

1872ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், நெடுந்தொலைவைப் பெரும்பாலும் நடந்தே கடந்து, அழுக்கேறிய உடையுடன் ஓர் இளைஞர் பள்ளி வாயிலில் வந்து நின்றார். தலைமை ஆசிரியை மேரி மாக்கி அவரிடம் ஒரு வகுப்பறையைப் பெருக்கித் தூய்மை செய்யுமாறு பணித்தார். அவர் மும்முறை பெருக்கி, நான்குமுறை துடைத்தார். ஆசிரியை தம் கைக்குட்டையால் மேசையைத் துடைத்துப் பார்த்தும் தூசி அகப்படவில்லை. அதுவே அவருடைய நுழைவுத் தேர்வாயிற்று. அவர்தாம் அடிமையாகப் பிறந்து, நாடறிந்த தலைவராக உயர்ந்த புக்கர் வாஷிங்டன்.

1881இல் அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீ என்னும் ஊரில் தொடங்கவிருந்த பள்ளிக்குத் தலைமை ஏற்க ஒரு வெள்ளையரைப் பரிந்துரைக்குமாறு ஆம்ஸ்ட்ராங்குக்குக் கடிதம் வந்தது. தமக்குத் தெரிந்த தகுதியான ஒருவர் உண்டு, அவர் கறுப்பினத்தவர் என்று எழுதி, வாஷிங்டனையே அவர் பரிந்துரைத்தார். டஸ்கிகீ பள்ளிக்குக் கட்டட நிதி தேவைப்பட்டபோது, தாமே வாஷிங்டனை வடபுல நகரங்களுக்கு அழைத்துச் சென்று, தம் பள்ளிக்கு வழக்கமாக நன்கொடை தருபவர்களிடம் அவரை அறிமுகம் செய்தார். பயணச் செலவையும் ஹாம்ப்டனே ஏற்றது. நிதிக்கு அல்லாடும் ஒரு நிறுவனத் தலைவர், தம் புரவலர்களை மற்றொரு நிறுவனத்துக்குப் பகிர்ந்தளிப்பது எளிய செயலன்று. ஹாம்ப்டனின் முதல் இருபது வகுப்புகளில் தேறிய 723 பேருள் ஏறத்தாழ 84 விழுக்காட்டினர் ஆசிரியர்களாயினர் என்னும் கணக்கோடு இதனைச் சேர்த்து எண்ணினால் அவருடைய நோக்கம் முழுமையாக விளங்கும்.

நிறையும் குறையும்

பெரியோர் வாழ்வைப் பேசுங்கால் குறையை மறைத்தல் முறையாகாது. கறுப்பின மக்கள் உழைப்பாலும் ஒழுக்கத்தாலும் படிப்படியாக உயர வேண்டும், அதுவரை அரசியலில் ஒதுங்கியிருத்தல் நலம் என்று ஆம்ஸ்ட்ராங் கருதினார். சம உரிமை என்பது காத்திருந்து பெறத்தக்கதன்று என்பதை அவர் உணரவில்லை. தாம் கற்பித்த மக்களை நேசித்தபோதும், தம் இனத்துக்கு நிகராக அவர்களை அவர் கருதினார் என்று சொல்ல இயலாது. கைத்தொழிலையே முதன்மைப்படுத்தும் கல்வி, உயர்கல்விக்குரிய அறிவாற்றலைத் தடுத்துவிடும் எனக் கறுப்பின அறிஞர் டுபாய்ஸ் பின்னாளில் கடுமையாக மறுத்துரைத்தார்.

1878இல் ஃபுளோரிடாவில் சிறையிருந்த பழங்குடி இளைஞர்கள் ஹாம்ப்டனில் சேர்க்கப்பட்டனர். தொடர்ந்து வந்த பழங்குடி மாணவர்கள் தம் மொழியையும் பழக்கங்களையும் கைவிட வேண்டியதாயிற்று. நோயுற்றுச் சொந்த மண்ணைக் காணாமலே மாண்டவர்களின் கல்லறைகள் பள்ளி இடுகாட்டில் உள்ளன. கல்வி கொடுப்பவர், கற்பவரிடம் முன்பே உள்ள செல்வத்தையும் மதிக்க வேண்டும் என்பதற்கு அவை ஊமைச் சான்றுகள்.

இறுதி நாள்கள்

1891இன் இறுதியில் பக்கவாதம் அவரைத் தாக்கியது. நடமாட்டம் குறைந்தது; பணி நிற்கவில்லை. வாழ்வின் கடைசி ஆறு மாதங்களில் இரண்டு மாதங்களை டஸ்கிகீயில் தம் மாணவர் வாஷிங்டனின் இல்லத்தில் கழித்தார். தாம் விதைத்த விதை மரமாகிக் கனி கொடுப்பதை அந்தத் தளர்ந்த உடலோடு கண்டு மகிழ்ந்தார். 1893 மே 11ஆம் நாள் ஹாம்ப்டனில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு அகவை ஐம்பத்து நான்கு.

தம் மறைவுக்குப் பின் செய்ய வேண்டியவற்றை அவர் முன்னரே எழுதி வைத்திருந்தார். பள்ளி இடுகாட்டில், மாணவர்களின் வரிசையில், அடுத்து இறக்கும் மாணவருக்கு எந்த இடமோ அந்த இடத்திலேயே தம்மை அடக்கம் செய்ய வேண்டும். நினைவு மண்டபமோ புகழுரையோ வேண்டா. தம் வரலாற்றை எழுதவும் முயலவேண்டா என்பவை அவருடைய விருப்பங்கள். முதலாவது விருப்பம் அவ்வாறே நிறைவேறிற்று. கடைசி விருப்பம் மட்டும் நிறைவேறவில்லை. 1904இல் அவருடைய மகளே தந்தையின் வரலாற்றை நூலாக்கினார்.

பதினைந்து மாணவர்களோடு தொடங்கிய அப்பள்ளி இன்று ஹாம்ப்டன் பல்கலைக்கழகம். மேரி பீக் பாடம் சொன்ன ஓக் மரம் அவ்வளாகத்தில் இன்றும் நிழல் பரப்பி நிற்கிறது. தாம் கற்பித்தவர் கற்பிப்பவராக மாறி, தம் உதவி இனித் தேவையில்லை என்னும் நிலையை எய்துவதே ஓர் ஆசிரியர் பெறத்தக்க பெரும்பேறு. அப்பேற்றை வேண்டி உழைத்த ஆம்ஸ்ட்ராங், மாணவர்களின் வரிசையிலேயே ஓர் இடம் கேட்டுப் பெற்று உறங்குகிறார்.