அழுத குழந்தைக்குச் செவிசாய்த்த கலீஃபா



ஹஸரத் உமர் இப்னு கத்தாப் (ரலி) அவர்களின் திருப்பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம் உள்ளத்தில் எழுவது அவர்களுடைய வீரமும் நீதியும் ஆகும். பாரசீகமும் ஷாமும் மிஸ்ரும் அவர்களது ஆட்சிக் காலத்திலேயே இஸ்லாமிய அரசின் கீழ் வந்தன என்பதை மதரஸாவில் ஓதும் நம் பிள்ளைகளும் அறிவர். ஆயினும் பச்சிளங் குழந்தைக்கும், பிணியாளருக்கும், முதியவருக்கும் அவர்கள் காட்டிய பரிவு எத்தகையது, அந்தப் பரிவை அரசின் ஒழுங்குமுறையாக அவர்கள் எவ்வாறு ஆக்கினார்கள் என்பதை நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை. இன்று அதனைச் சற்று நோக்குவோம்.

மக்கமா நகரில், குறைஷிக் குலத்தின் பனூ அதீ கிளையில் பிறந்த அவர்கள், இளமையில் தம் தந்தையாரின் ஒட்டகங்களை மேய்த்தவர்கள். தொடக்கத்தில் இஸ்லாத்தைக் கடுமையாக எதிர்த்த அவர்களே பின்னர் அதன் உறுதியான அரணாக விளங்கினார்கள். ஹஸரத் அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்கள் மறைந்தபின், ஹிஜ்ரி 13ஆம் ஆண்டில் (கி.பி. 634) கிலாஃபத் பொறுப்பை ஏற்றார்கள். நாடு விரிந்தது, பைத்துல் மாலில் செல்வம் வந்து சேர்ந்தது. அதனை மக்களுக்குப் பகிர்ந்தளிப்பதற்காகத் திவான் எனும் பதிவேட்டை ஏற்படுத்தி, பெயர் பெயராக எழுதி உதவித்தொகை வழங்கினார்கள்.

மாதந்தோறும் ஒருவருக்கு எவ்வளவு உணவுப்பொருள் வழங்குவது என்ற கேள்வி எழுந்தபோது அவர்கள் செய்ததைக் கவனியுங்கள். ஜரீப் என்னும் முகத்தலளவையால் ஒரு ஜரீப் மாவை அளந்து, ரொட்டி சுடச் செய்து, எண்ணெய் சேர்த்து, 30 பேரை அழைத்துப் பகலுணவாக வயிறார உண்ணச் செய்தார்கள். இரவிலும் அவ்வாறே செய்தார்கள். முப்பது பேரின் ஒரு வேளை உணவு, ஒருவரின் முப்பது வேளை உணவல்லவா? எனவே நாளொன்றுக்கு இரு வேளை வீதம், ஒருவருக்கு மாதம் இரண்டு ஜரீப் என்று நிர்ணயித்தார்கள். ஆண், பெண், அடிமை அனைவருக்கும் அதே அளவுதான். பசித்த மனிதன் உண்டு எழுவதைக் கண்ணால் கண்ட பிறகே அளவு எழுதப்பட்டது.

இத்துணைக் கவனத்துடன் வகுத்த ஏற்பாட்டிலும் ஒரு குறை மறைந்திருந்தது. அதை வெளிப்படுத்தியது ஒரு கைக்குழந்தையின் அழுகை!

வணிகக் கூட்டம் ஒன்று மதீனாவுக்கு வந்து தொழுகைத் திடலில் தங்கியிருந்தது. அன்றிரவு உமர் (ரலி) அவர்களும், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் அவர்களுக்குக் காவலாக இருந்து தொழுதுகொண்டிருந்தனர். ஒரு குழந்தை அழும் குரல் கேட்டது. கலீஃபா அவர்கள் சென்று, பிள்ளையைக் கவனிக்குமாறு தாயிடம் கூறித் திரும்பினார்கள். மீண்டும் அழுகை; மீண்டும் சென்றார்கள். இரவின் இறுதியிலும் அது ஓயாதிருக்கவே காரணத்தை வினவினார்கள். வந்திருப்பவர் யார் என்பதை அறியாத அந்தத் தாய், பிள்ளையைப் பால் மறக்கச் செய்வதாகவும், பால் மறந்த குழந்தைகளுக்கே உமர் உதவித்தொகை தருவதாகவும் கூறினாள். குழந்தைக்கோ சில மாதங்களே ஆகியிருந்தன.

தாய்மார்களே! ஈராண்டுகள் முழுமையாகப் பாலூட்டுவதைத் திருமறை எடுத்துரைத்திருக்க, உதவித்தொகைக்காகத் தாய் தன் பாலை மறுக்கும் நிலை வந்துவிட்டது. கொடுக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் விதித்த ஒரு நிபந்தனை, குழந்தையின் வாயிலிருந்து பாலைப் பறித்தது. அன்று ஃபஜ்ருத் தொழுகையை நடத்தியபோது கலீஃபா அவர்கள் அழுத அழுகையில் அவர்களது ஓதல் மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. தம்மால் எத்தனை குழந்தைகள் மாண்டனவோ என்று நொந்துகொண்டார்கள். ஆயினும் அழுகையோடு நிற்கவில்லை. பிள்ளைகளைப் பால் மறக்கச் செய்வதில் அவசரப்பட வேண்டாம், இஸ்லாத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்தது முதலே உதவி உண்டு என்று பறைசாற்றச் செய்து, மாகாணங்களுக்கும் ஆணை அனுப்பினார்கள். பிறந்த குழந்தைக்கு 100 திர்ஹமும், வளர்ந்தபின் 200 திர்ஹமும் வழங்கப்பட்டன. கண்டெடுக்கப்பட்ட அநாதைக் குழந்தைகளுக்கும் அவ்வாறே தொகை விதித்து, பாலூட்டும் செலவையும் பராமரிப்பையும் பைத்துல் மாலே ஏற்கச் செய்தார்கள்.

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டில் (கி.பி. 639) மழை பொய்த்து, அரபகத்தின் மண் சாம்பல் போலாயிற்று. பாலைவாசிகள் மதீனாவைச் சூழ்ந்து வந்து தங்கினர். உமர் (ரலி) அவர்கள் ஷாமிலிருந்தும் இராக்கிலிருந்தும் உணவு வரவழைத்தார்கள். ஒவ்வொரு திசைக்கும் பொறுப்பாளரை நியமித்து, மாலைதோறும் நிலைமையைக் கேட்டறிந்தார்கள். மக்கள் துயர் தீரும் வரை நெய்யைத் தொடாமல் எண்ணெயையே உண்டதால் அவர்களது மேனி கறுத்துவிட்டது. ஓரிரவு, தங்களிடம் வந்து உண்டவர்களை எண்ணச் செய்தபோது 7,000 பேர் இருந்தனர். பிறகு, வர இயலாத குடும்பத்தினரையும் நோயாளிகளையும் சிறுவரையும் எண்ணச் செய்தார்கள். அவர்கள் 40,000 பேர்! சில நாட்களில் இவ்வெண்ணிக்கை முறையே 10,000 ஆகவும், 50,000 ஆகவும் உயர்ந்தது. வந்தவர்களை மட்டும் எண்ணியிருந்தால், பெரும்பகுதியினர் கணக்கிலேயே வந்திருக்க மாட்டார்கள்.

இப்பரிவு முஸ்லிம்களோடு நின்றுவிடவில்லை. கண்ணிழந்த முதிய யூதர் ஒருவர் கையேந்தி நிற்பதைக் கண்டபோது, அவரைக் கைப்பிடித்துத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்று உதவினார்கள். இளமையில் அவரிடம் வரி பெற்றுவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியன்று எனக் கருதி, அவருக்கும் அவரைப் போன்றோருக்கும் ஜிஸ்யா வரியை நீக்கி, பைத்துல் மாலிலிருந்து உதவ ஆணையிட்டார்கள். ஷாம் நாட்டு ஜாபியாவுக்குச் சென்றபோது, வழியில் கண்ட கிறிஸ்தவத் தொழுநோயாளர்களுக்குத் தர்ம நிதியிலிருந்து வழங்கவும், தொடர்ந்து உணவளிக்கவும் கட்டளையிட்டார்கள்.

மாகாணங்களிலிருந்து மக்கள் வந்தால் தங்கள் ஆளுநர்களைப் பற்றி அவர்களிடம் விசாரிப்பார்கள். நோயாளிகளைப் போய்ப் பார்க்கிறாரா, அடிமை நோயுற்றாலும் பார்க்கிறாரா, எளியவரிடம் எவ்வாறு நடக்கிறார், தம்மை நாடி வருவோரைச் சந்திக்கிறாரா என்பனவே கேள்விகள். இவற்றுள் ஒன்றுக்கு இல்லை என்ற விடை வந்தாலும் அந்த ஆளுநரைப் பதவியிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

ஹிஜ்ரி 23ஆம் ஆண்டின் இறுதியில் (கி.பி. 644), ஃபஜ்ருத் தொழுகையின்போது கொடியவன் ஒருவனால் குத்தப்பட்டு ஷஹீதானார்கள். அதற்குச் சில நாட்கள் முன்னர்தான், தாம் வாழ்ந்திருந்தால் இராக்கின் விதவைகள் தமக்குப்பின் எவரிடமும் தேவைப்பட்டு நில்லாதபடி செய்துவிடுவதாகக் கூறியிருந்தார்கள்.

சகோதரர்களே! நம் ஊர்களில் ரமலான் மாதம் வந்தால் செல்வர் வீட்டு வாசலில் வரிசை நிற்கிறது. வரிசையில் நின்றவருக்கு ஜகாத் கிடைக்கிறது. படுக்கையில் கிடக்கும் முதியவரால் அங்கே வர முடியுமா? இத்தாவில் இருக்கும் விதவை வரலாமா? தீரா நோயுற்ற பிள்ளையை விட்டுத் தாய் வெளியேற இயலுமா? அவர்களை எண்ணியவர் யார்? ஒவ்வொரு மஹல்லாவிலும் ஜமாஅத்தார் இவ்வாரமே வீடு வீடாகச் சென்று, வர இயலாதவர்களின் பட்டியலை எழுதட்டும். எவருக்கு மருந்து தேவை, எவருக்கு உணவு தேவை, எவருக்கு அருகிலிருந்து இரண்டு வார்த்தை பேசுவோர் தேவை என்று அவர்களிடமே கேட்டு எழுதட்டும். நாம் வைத்திருக்கும் விதிமுறையால் எவருக்கேனும் தீங்கு நேர்வதாகத் தெரிந்தால், கலீஃபா அவர்கள் ஃபஜ்ரு முடிந்ததுமே விதியை மாற்றியதை நினைவிற் கொள்ளட்டும்.

வாசலுக்கு வர இயலாதோரின் வாசலுக்கு நம்மை அனுப்பி வைக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.