ஸர் ஆர்தர் காட்டன்: நீர்வழியும் சுங்கமும்

நெமிலிச்சேரிப் புகைவண்டி நிலையத்தைக் கடந்து செல்லும் இருப்புப் பாதை தென்னாட்டில் மிகப் பழமையானது. 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியன்று ராயபுரத்தினின்று வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய முதற் பிரயாணி வண்டி இவ்வழியே சென்றது. நாடெங்கும் அதனை வியந்து நிற்க, இதற்காகும் பொருளைக் கால்வாய்களில் இட்டிருப்பின் குடியானவனுக்கு எத்துணையோ நலமாமென்று ஓயாது வாதித்தவர் ஒருவர் இருந்தார். அவரே ஸர் ஆர்தர் காட்டன். அணை கட்டியவரென்று அவரை யாவரும் அறிவர். நீர்வழிக்குப் பொருளிட வேண்டியவர் யார், அதன் பயனுக்கு எவரிடம் எவ்வளவு பெறுதல் முறை என்னும் வழக்கிலே அவர் தம் பிற்காலத்தைக் கழித்தமையைச் சிலரே அறிவர். அதனையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

காட்டன் 1803ஆம் ஆண்டு மே 15ஆம் தேதி இங்கிலாந்தில் பிறந்தார். அடிஸ்கோம் கலாசாலையிற் பயின்று, 1821இல் சென்னை ராஜதானிக்கு எஞ்சினீயராக வந்தார். பர்மியப் போரிலும் பணி புரிந்தார். பின்னர்க் காவிரிக்கு வந்தபோது, கொள்ளிடத்தின் வழியே வெள்ளம் வீணே கடலிற் கலக்கத் தஞ்சை வயல்கள் வாடுதலைக் கண்டார். ஆற்று மணலின்மேல் அடிப்படை இடும் வித்தையை அவர் கல்லணையிடமே கற்றுக்கொண்டார். அதனை அவர் மறைத்தாருமல்லர். 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும் கீழணையும் எழுந்தன. தஞ்சையில் நீருக்கெனத் தனிக் கட்டணம் இல்லை. நன்செய்த் தீர்வையிலேயே அது அடங்கியிருந்தது. ஆகவே விளைவு பெருகத் தீர்வையும் பெருகி, அணைக்கு இட்ட பொருள் அரசாங்கத்திற்குத் திரும்பி வந்தது. இவ்வெளிய கணக்கு காட்டன் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. பிற்காலத்தில் அவர் செய்த பிழைக்கும் இதுவே வித்தாயிற்று என்பது எம் கருத்து.

இங்கே ஒரு வேடிக்கையையும் கூறுதல் வேண்டும். நெமிலிச்சேரிக்கு வடகிழக்கேயுள்ள செங்குன்றத்தினின்று சாலைக்குரிய கற்களைச் சென்னைக்குக் கொண்டுவர 1837இல் இருப்புப் பாதை அமைந்தது. இந்தியாவின் முதல் இருப்புப் பாதை அதுவே என்பர். அதனை அமைத்த பெருமையும் இதே காட்டனுக்கு உரியது! இருப்புப் பாதையை அறியாதவர் அதனை எதிர்த்தார் என்று எவரும் சொல்ல இயலாது.

1847இல் கோதாவரியின் குறுக்கே தௌலேசுவரத்தில் அணை தொடங்கி 1852இல் முடித்தார். பஞ்சத்தால் நலிந்த அந்நாடு நெற்களஞ்சியமாயிற்று. அங்கு வெட்டிய கால்வாய்கள் வயலுக்கு நீர் தந்ததோடு படகுகளுக்கு வழியுமாயின. நெல்லும் உப்பும் விறகும் போன்ற கனமான சரக்குகளுக்கு வேகம் வேண்டுவதில்லை, மலிவே வேண்டும் என்பது காட்டனின் வாதம். சாலையில் ஒரு வண்டிப் பாரத்தை இழுக்கும் மாடு, கால்வாய்க் கரையில் நடந்து பல வண்டிப் பாரத்தைப் படகில் இழுத்துவிடும். மேலும் ரெயில்வே கம்பெனிகளுக்கு நூற்றுக்கு 5 வட்டி அரசாங்கத்தின் பிணையாய் இருந்தது. வண்டி வெறுமையாய் ஓடினும் வட்டி நிற்காது. அதனைத் தருபவன் வண்டியேறாத குடியானவனே. இது அநீதி என்றார் காட்டன்.

அங்ஙனம் கூறியவர், துங்கபத்திரையினின்று கடப்பை வரை கால்வாய் வெட்ட எழுந்த சென்னை நீர்ப்பாசனக் கம்பெனிக்குத் தாமே பெருந்துணையாய் நின்றார். அதற்கும் பத்து லட்சம் பவுனுக்கு அதே 5 வட்டிப் பிணை கிடைத்தது. கால்வாய் பாய்ந்தது, நீரை வாங்குவார் இல்லை. கர்நூல், கடப்பைப் பகுதியின் கரிசல் நிலத்தில் புன்செய்ப் பயிர் செய்வோர், மழை பெய்த ஆண்டில் காசு கொடுத்து நீர் பெற ஏன் வருவர்? தஞ்சைக் குடியானவன் தீர்வையோடு செலுத்தியதை இவர்கள் தனி விலையாகக் கண்டனர். 1882இல் அரசாங்கமே அக்கால்வாயை வாங்கிக்கொண்டது. நீர் வந்தால் உழவன் தானே வருவான் என்று காட்டன் நம்பினார். உழவனின் கணக்கை அவர் கேட்டிலர்.

1878இல் பார்லிமெண்டுக் கமிட்டி கால்வாய், ரெயில் வழக்கை ஆராய்ந்தது. தள்ளாத வயதிலும் காட்டன் அதன்முன் வாதாடினார். கமிட்டி அவர் பக்கம் சாயவில்லை.

ஆயினும் நீர்வழி ஆட்சி நின்றுவிடவில்லை. காக்ரேன் என்னும் தனி வியாபாரி சென்னையினின்று எண்ணூர் வரை வெட்டிய உப்புநீர்க் கால்வாயை 1837இலேயே அரசாங்கம் ஏற்றிருந்தது. 1877-78ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கூலிக்கு வந்த ஏழைகளின் கையால் கூவமும் அடையாறும் இணைக்கப்பட, அது பக்கிங்ஹாம் கால்வாயென நீண்டது. 1890ஆம் ஆண்டுச் சட்டம் படகுகளுக்கு லைசென்ஸும் சுங்கமும் விதித்தது. புயல்களாலும் லாரிகளாலும் படகுகள் அருகின. சென்னையில் அக்கால்வாயின்மேல் பறக்கும் ரெயிலின் தூண்கள் நிற்கின்றன. 2008இல் அது நான்காம் தேசிய நீர்வழியின் பகுதியாயிற்று. 2016ஆம் ஆண்டுச் சட்டம் நாடெங்கும் 111 நீர்வழிகளை அறிவித்தது. 2020இல் மத்திய அரசாங்கம் தேசிய நீர்வழிகளில் செல்லும் கலங்களின் உபயோகக் கட்டணத்தை மூன்றாண்டுகளுக்குத் தள்ளுபடி செய்தது. சரக்கை நிலத்தினின்று நீருக்கு ஈர்ப்பதே அதன் நோக்கம். காட்டன் இருந்திருப்பின் மகிழ்ந்திருப்பார்; ஆழமில்லாத கால்வாயில் கட்டணம் நீங்கி என்ன பயன் என்று உடனே வினவியும் இருப்பார்.

வாதங்களில் தோற்ற அக்கிழவர் டார்க்கிங் என்னும் ஊரில் ஓய்ந்திருக்கவில்லை. தம் தோட்டத்து மண்ணை ஆழக் கிளறிக் கோதுமை விளைவைப் பெருக்கும் சோதனையில் ஈடுபட்டார். 1899ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் தேதி, தமது 96ஆம் வயதில் காலஞ்சென்றார்.