பொள்ளாச்சி டு பழனி: ஜி.டி. நாயுடுவின் முதல் ரூட்

கொமரலிங்கம், மடத்துக்குளம் பக்கத்துல இருந்து காலேஜ் பஸ் ஏறுற ஆளா நீங்க? அப்போ பொள்ளாச்சி–திண்டுக்கல் நான்கு வழிச்சாலை வேலை நடந்தப்போ டைவர்ஷன்ல நின்ன அனுபவம் உங்களுக்கு இருக்கும். அதே பாதையில 1920-லேயே ஒருத்தர் பஸ் ஓட்டத் தொடங்கினார். அவர்தான் ஜி.டி. நாயுடு.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23-ல் சூலூர் அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தார். பள்ளிப்படிப்பில் மனசு ஒட்டவே இல்லை. இளவயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும் அது மேல ஆசை வந்துடுச்சு. கோவைக்கு வந்து ஓட்டல்ல சர்வர் வேலை பார்த்து, காசு சேர்த்து, வண்டியை வாங்கினார். வாங்கினதும் செஞ்ச முதல் காரியம், அதைக் கழட்டி மறுபடி பூட்டினது! நம்ம மெக்கானிக்கல் லேப்ல செய்றதை அவர் சொந்தக் காசுல செஞ்சார்.

1920-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் உதவியோட ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சி–பழனி இடையே தானே ஓட்டினார். யு.எம்.எஸ். கம்பெனி இப்படித்தான் வளர்ந்தது. 1933 வாக்கில் அவரிடம் சுமார் 280 வண்டிகள். குறிச்ச நேரத்துக்குக் கிளம்பும் பஸ் என்று அந்தக் கம்பெனிக்குப் பேர்.

நேரம் ஏன் அவ்வளவு முக்கியம்? ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க. ரோடு வேலைக்காக ஒரு லேன் அடைச்சிருக்காங்க. நிமிஷத்துக்கு 20 வண்டி வருது, 15 தான் வெளியே போகுது. அரை மணி நேரத்தில் 150 வண்டி வரிசையில் நிக்கும். அப்புறம் வரத்து நிமிஷத்துக்கு 10 ஆகக் குறைஞ்சாலும், அந்த வரிசை கரைய இன்னொரு அரை மணி ஆகும். பனியன் கம்பெனி வேன், கரும்பு டிராக்டர், பழனி போற பாதயாத்திரைக் கூட்டம் எல்லாம் ஒரே நேரத்தில் சேர்ந்தா நிலைமை என்னன்னு நீங்களே யோசிங்க. அதனால லேனை எந்த நேரத்தில் அடைக்கிறோம் என்பதே பாதித் தீர்வு.

மீதிப் பாதி, வண்டி ஓட்டுறவருக்கு முன்கூட்டியே தகவல் சொல்றது. இந்திய சாலை காங்கிரஸின் எஸ்.பி. 55 வழிகாட்டி, வேலை நடக்கும் இடத்தை நாலாப் பிரிக்குது: முன்னெச்சரிக்கைப் பகுதி, லேன் மெல்லச் சுருங்கும் பகுதி, வேலைப் பகுதி, பழைய பாதைக்குத் திரும்பும் பகுதி. குழிக்குப் பக்கத்துல ஒரு டிரம்மும் சிவப்புத் துணியும் மட்டும் வச்சா, முதல் ரெண்டு பகுதியும் காணாமப் போச்சுன்னு அர்த்தம். ராத்திரி பைக்ல வர்றவர் உயிர் அங்கதான் ஊசலாடுது.

நாயுடு பஸ்ஸோட நிக்கல. 1937-ல் டி. பாலசுந்தரத்துடன் சேர்ந்து இந்தியாவின் முதல் மின் மோட்டாரை உருவாக்கினார். 1945-ல் அவர் முயற்சியில் வந்த ஆர்தர் ஹோப் கல்லூரிதான் இன்றைய கோவை ஜி.சி.டி. பொறியியல் படிப்புக்கு இரண்டு வருஷமே போதும் என்று வாதாடினார்; அரசு ஏற்காததால் விலகிட்டார். அது சரியா தப்பா என்று நாம சண்டை போடலாம். ஆனா அடுத்தவங்க நேரம் வீணாகக் கூடாது என்ற பிடிவாதம் அதிலும் தெரியுது.

1974 ஜனவரி 4-ல் அவர் மறைந்தார். கோவை அவிநாசி ரோட்டில் 10.1 கி.மீ. நீள மேம்பாலம் 2025 அக்டோபரில் அவர் பெயரோடவே திறக்கப்பட்டது. அந்தப் பாலம் எழும்பிய வருஷங்களில் தூண்களுக்கு நடுவே ஊர்ந்து போனவங்க நம்மில் நிறைய பேர்.

நாளைக்கு நீங்க சைட் இன்ஜினியரா நிக்கும்போது எஸ்டிமேட்ல சிமெண்ட், கம்பி, ஜல்லி எல்லாம் வரும். வரிசையில் நிக்கிறவங்க நேரத்துக்கும் அதுல ஒரு வரி எழுதுங்க. பொள்ளாச்சி–பழனி பஸ்ஸை நேரத்துக்கு ஓட்டின மனுஷனுக்கு அதைவிட நல்ல மரியாதை வேற என்ன இருக்கு?