டர்போவை மலை உச்சிக்கு ஏற்றிய சான்ஃபோர்டு மாஸ்: இன்றைய காருக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

டர்போ கார் திடீரென்று இழுக்கவே மாட்டேங்குது என்று ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், நல்ல மெக்கானிக் உடனே டர்போவைக் கழற்றச் சொல்ல மாட்டார். காற்று எங்காவது கசிகிறதா, வேஸ்ட்கேட் ஒழுங்காகத் திறந்து மூடுகிறதா என்று முதலில் பார்ப்பார். காற்றழுத்தத்தை உண்டாக்குவதைவிட, அதைச் சரியான அளவில் பிடித்து வைப்பதுதான் சிரமம். நூறு வருடங்களுக்கு முன்பு இந்தச் சிரமத்தோடு மல்லுக்கட்டியவர் அமெரிக்க எஞ்சினீயர் சான்ஃபோர்டு மாஸ்.

டர்போவைக் கண்டுபிடித்தவர் இவர் இல்லை. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூக்கி 1905-லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். பிரான்சின் அகஸ்ட் ரட்டோ அதை விமானத்துக்குப் பொருத்திப் பார்த்தார். ஆனால் நம்பி வானத்தில் எடுத்துப் போகிற அளவுக்கு அதைத் தேற்றியதில் மாஸின் பங்கு பெரியது.

1872-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். பதினாறு வயதில் மெஷின் ஷாப்பில் பயிற்சித் தொழிலாளி. அங்கே கம்ப்ரஸர்களோடு பழகியபோதே, அழுத்தப்பட்ட காற்றில் எரிபொருளை எரித்து ஒரு சக்கரத்தைச் சுழற்றினால் என்ன என்ற யோசனை வந்துவிட்டது. பிறகு பெர்க்லியில் படித்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் கேஸ் டர்பைன் பற்றி ஆய்வு செய்து 1903-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி வேலைக்கு எடுத்துக்கொண்டது. ஆனால் அவர் செய்த டர்பைன் குடித்த எரிபொருளுக்கு ஏற்ற சக்தியைத் தரவில்லை. சில ஆண்டுகளில் கம்பெனி அதை மூட்டை கட்டிவிட்டது. மாஸ் கம்ப்ரஸர் வேலைக்குத் திரும்பினார்.

அவரை மறுபடியும் டர்பைன் பக்கம் இழுத்தது போர்தான். விமானம் மேலே போகப் போக காற்று மெலிகிறது. எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிறது. வீணாக வெளியேறும் புகையை வைத்து ஒரு டர்பைனைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள கம்ப்ரஸரால் எஞ்சினுக்குக் காற்றை அழுத்திக் கொடுக்க முடியுமா? கார்னெலில் பேராசிரியராக இருந்த வில்லியம் டுராண்டுக்கு மாஸின் பழைய ஆய்வு ஞாபகம் இருந்தது. அவர் வழியாக 1917-ல் வேலை வந்து சேர்ந்தது.

கீழே ஓட்டிப் பார்த்தால் மேலே என்ன ஆகும் என்று தெரியாது. அதனால் 1918-ல் லிபர்ட்டி வி-12 எஞ்சினை லாரியில் ஏற்றி, கொலராடோவின் பைக்ஸ் பீக் மலை உச்சிக்கே கொண்டு போனார்கள். உயரம் சுமார் 14,100 அடி. கடல்மட்டத்தில் 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின், உச்சியில் டர்போ இல்லாமல் சுமார் 230-ஐத்தான் எட்டியது. டர்போவைச் சேர்த்ததும் 356. இழந்தது முழுவதும் திரும்பி வந்துவிட்டது! அதே நவம்பரில் போர் முடிந்துபோனதால், டர்போ போர்க்களத்தைப் பார்க்கவில்லை.

சோதனை நிற்கவில்லை. 1920 பிப்ரவரியில் மாஸின் டர்போ பொருத்திய விமானத்தில் ருடால்ஃப் ஷ்ரோடர் சுமார் 33,000 அடிவரை போனார். எஞ்சின் மூச்சு விட்டது, மனிதனுக்கு முடியவில்லை. ஆக்சிஜன் குறைந்து மயங்கியவர், விமானம் பல ஆயிரம் அடி விழுந்த பிறகு நினைவு திரும்பி, குளிரில் பார்வை மங்கிய நிலையிலேயே தரையிறக்கினார்.

வேஸ்ட்கேட் என்ன செய்கிறது?

இங்கேதான் கட்டுப்பாடு என்ற தலைவலி ஆரம்பம். 30,000 அடியில் தேவைப்படும் அளவுக்கு டர்போவைத் தரையிலும் சுழலவிட்டால், அழுத்தம் எகிறி எஞ்சினே உடைந்துவிடும். அதனால் புகையின் ஒரு பகுதியை டர்பைனுக்குப் போகாமல் வெளியே திருப்பிவிட ஒரு கதவு வைத்தார்கள். அதுதான் வேஸ்ட்கேட். ஆரம்பத்தில் பைலட்டே கையால் இயக்கினார். இரண்டாம் உலகப் போரின் பி-17 குண்டுவீச்சு விமானங்களில் எஞ்சின் ஆயிலால் இயங்கும் ரெகுலேட்டர் வந்தது. மேலே கடுங்குளிரில் ஆயில் கெட்டியாகிவிடும், கதவு சொன்ன பேச்சைக் கேட்காது. பின்னாளில் ஹனிவெல் எலெக்ட்ரானிக் கட்டுப்பாடு வந்ததும் நான்கு எஞ்சின்களுக்கும் ஒரே குமிழ் போதுமானதாயிற்று.

உங்கள் காரில் அந்த வேலையை கம்ப்யூட்டர் பார்க்கிறது. கதவை அசைப்பது பெரும்பாலும் ஒரு சின்ன ரப்பர் ஹோஸ் வழியாக வரும் காற்று அல்லது வெற்றிடம்; சில புதிய கார்களில் மின்மோட்டார். பூஸ்ட் அழுத்தத்தால் கதவைத் திறக்கும் காரில் அந்த ஹோஸ் கழன்றால், கதவு திறக்காது. பூஸ்ட் அளவு மீறும். வெற்றிடத்தால் கதவை மூடும் காரில் அதே ஹோஸ் கிழிந்தால், கதவு மூடாது. பூஸ்ட் ஏறவே ஏறாது. ஆக, ஒரே கிழிசலுக்கு இரண்டு நேரெதிர் அறிகுறிகள். ஸ்கேனரில் பி0234 என்றால் பூஸ்ட் அதிகம், பி0299 என்றால் குறைவு. இரண்டாவதைப் பார்த்ததுமே டர்போ போச்சு என்று யாராவது சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். பல நேரம் ஹோஸ் கிளாம்ப்தான் குற்றவாளி.

பெட்ரோல் காரின் இன்டேக் மேனிஃபோல்டில் ஓட்டை விழுந்தால் இன்னும் வேடிக்கை. ஐடிலில் உள்ளே வெற்றிடம் இருப்பதால் ஓட்டை வழியே காற்று உள்ளே போகும்; எஞ்சின் தடுமாறும். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் உள்ளே அழுத்தம் கூடி, அதே ஓட்டை வழியே காற்று சீறி வெளியேறும். ஐடிலில் மட்டும் கேட்டுவிட்டுக் கசிவு இல்லை என்று சொல்ல முடியாது. இன்டேக்குக்குள் புகையைச் செலுத்தி, எங்கே எட்டிப் பார்க்கிறது என்று தேடும் ஸ்மோக் டெஸ்ட்தான் சுலபமான வழி.

மாஸுக்கு இன்னொரு எதிரி வெப்பம். பழுக்கக் காய்ந்த நிலையில் சுழலும் டர்பைன் பிளேடுகளுக்குச் சரியான உலோகம் கிடைக்க வருடங்கள் ஆயின. கடைசியில் கைகொடுத்தவற்றில் ஒன்று வைட்டாலியம், பல் மருத்துவர்கள் செயற்கைப் பல்செட்டுக்குப் பயன்படுத்திய கலப்புலோகம்.

விமானத் துறையின் பெரிய கௌரவமான 1940-ம் ஆண்டின் கோலியர் டிராபி, அமெரிக்க ராணுவ விமானப் பிரிவோடு சேர்த்து மாஸுக்கும் வழங்கப்பட்டது. 1941-ல் பிரிட்டனின் விட்டில் ஜெட் எஞ்சின் அமெரிக்கா வந்தபோது, அதைத் தயாரிக்கும் பொறுப்பு ஜெனரல் எலெக்ட்ரிக்குக்குப் போனதற்கு முக்கியக் காரணம், அங்கே சேர்ந்திருந்த டர்போ அனுபவம். 1942 அக்டோபரில் அமெரிக்காவின் முதல் ஜெட் விமானம் பறந்தது. அதைத் தள்ளியது கேஸ் டர்பைன். மாஸ் கார்னெலில் ஆய்வு செய்த அதே விஷயம். 1946-ல் அவர் காலமானார்.